ஞாயிற்றுக்கிழமைக் கண்டக்டர்

என் வீட்டுக்காரர் மனம்விட்டுப் பேசியது இந்த உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான். அந்த ஒருவர் நான் இல்லை. அது ஒரு பெண்ணாக இருந்திருந்தால் என்ன செய்ய வேண்டுமென்று எனக்குத் தெரிந்திருக்கும். நாலு பேரைக் கூட்டியிருப்பேன். அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். அவள் வாசலில் நின்று தெருவே கேட்கும்படி கத்தியிருப்பேன். ஆனால் அது வெற்றிலை போட்டுப் பல் சிவந்த, தலை வழுக்கையான, ஐம்பது தாண்டிய ஒரு பஸ் கண்டக்டர். அந்த மனிதர் மேல் பொறாமையாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அவர் பெயர் எனக்குத் தெரியும். ஒருநாளும் அதை நான் சொன்னதில்லை. நேரில் ‘அண்ணே.’ அவர் இல்லாதபோது ‘கண்டக்டர்.’ மனசுக்குள் கூப்பிட்டது வேறு, அதை எழுத முடியாது.

என் வீட்டுக்காரர் மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற வண்டியில் டிரைவர். அதே வண்டியில் இவர் கண்டக்டர். பல வருடங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே போட்டிருந்தார்கள். எங்கள் வீடு காளவாசல் பக்கம். முன்னறையில் மிஷின் போட்டு நான் பிளவுஸ் தைக்கிறேன். துணி கொடுக்க வரும் பெண்கள் மாமியார் கதையிலிருந்து மூட்டுவலி வரைக்கும் என்னிடம் கொட்டிவிட்டுப் போவார்கள். தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் மனசில் என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியாது. டூட்டி முடிந்து வருவார், சாப்பிடுவார், டிவி பார்ப்பார், படுத்துவிடுவார். எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, “இன்னைக்கு என்னதான் நடந்துச்சு, சொல்லுங்களேன்” என்று கேட்டால், “என்ன நடக்கும்? போனேன், வந்தேன்” என்பார். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. இவரைப் பற்றிக் குறை சொன்னால் என் அக்காவே என்னை அடிக்க வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆளாக எழுந்திருப்பார். விடிகிற நேரத்துக்கு வாசலில் ஒரு பழைய மொபெட் வந்து நிற்கும். கண்டக்டர் ஹாரன் அடிக்க மாட்டார். வாயில் விசிலை வைத்து, பஸ் கிளம்புவதற்குக் கொடுப்பதுபோல இரண்டு ஊது ஊதுவார். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வெளியே போவார். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அந்தச் சிரிப்பு கிடையாது. காற்றுப் போன லாரி டியூபை மாலைபோலத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்காருவார். இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

போவது மீன் பிடிக்க. அலங்காநல்லூருக்கு வடக்கே மலையடியில் ஒரு சின்ன அணை இருக்கிறது. புரட்டாசியில் தண்ணீர் வற்றி, ஓரமெல்லாம் சேறு பாளம் பாளமாக வெடித்து, மதகுப் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் கிடக்கும். அணை முழுக்கப் பரவிக் கிடந்த கெளுத்தி மீனெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் வந்து அடைந்துகொள்ளும். கரையிலிருந்து தூண்டில் போட்டால் சேற்றில்தான் விழும். அதனால் டியூபில் காற்றடித்து, நடு ஓட்டையில் வயர்கூடை பின்னுகிற நைலான் வயரால் நாற்காலி மாதிரிப் பின்னி, அதில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டுக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு பிளைவுட் துண்டால் தள்ளிக்கொண்டே பள்ளத்துக்கு நடுவில் போய்விடுவார்கள். ஐப்பசி மழை இறங்கி அணை நிரம்பினால் மீன் கலைந்துவிடும். அதுவரைக்கும் இதுதான் ஞாயிற்றுக்கிழமை. மற்ற மாதங்களில் மீன் இல்லாவிட்டாலும் சும்மா அந்தக் கரையில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார்கள்.

எங்கள் வீட்டில் புரட்டாசியில் கவுச்சி சேர்ப்பதில்லை. கெளுத்தி கொழுத்துக் கிடப்பதோ அந்த மாதத்தில்தான். ஆக, என் புருஷன் பிடித்த மீனெல்லாம் செல்லூரில் கண்டக்டர் வீட்டுச் சட்டியில் கொதித்தது. மறுவாரம் வாசலில் நின்றுகொண்டு, “தங்கச்சி, கொழம்பு அம்புட்டு ருசி. மாப்ள கை அப்புடி” என்பார். என்னைத் தங்கச்சி என்று முறை வைத்ததால் என் வீட்டுக்காரர் அவருக்கு மாப்ள ஆகிவிட்டார். முறையை வைத்தவர் அவர்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

சொல்லும்போது என்னைப் பார்க்க மாட்டார். என் தையல் மிஷின் சக்கரத்தைப் பார்ப்பார். இல்லையென்றால் வாசல் செம்பருத்தியைப் பார்ப்பார். அந்த மனிதர் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார், அதுதான் அவர். வீட்டுக்குள் வந்து உட்காரச் சொன்னால் நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருவார். நாம் அவர் காதோடு பேச வேண்டும். பேசிக்கொண்டே போனால் நடுவில் “அப்புறம்?” என்பார். தெருவைப் பார்த்துக்கொண்டே, யாரோ தெருவில் போகிறவரைக் கேட்பதுபோல. எனக்கு எரிச்சலாக இருக்கும். மரியாதை தெரியாத ஆள் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஒருமுறை உசிலம்பட்டியில் வளைகாப்பு என்று அவர்கள் வண்டியிலேயே ஏறினேன். நல்ல கூட்டம். டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு சீட் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். “டிரைவர் வீட்டுத் தங்கச்சியா?” என்றார். என் கையைப் பார்த்துக் கேட்கிறார். ஊசி குத்திக் குத்திக் கருத்துப்போன என் ஆள்காட்டி விரலை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

“மூஞ்சியப் பாத்தாத் தெரியாதாண்ணே?” என்றேன்.

“ஒரு நாளைக்கு எம்புட்டு மூஞ்சி! எங்கிட்டுப் பாக்க? மூஞ்சியப் பாத்தா ஆளுக கூசிப் போயிருவாய்ங்க தங்கச்சி. கூசிட்டா உள்ளதச் சொல்ல மாட்டாய்ங்க” என்று கம்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அதுகூடப் போகட்டும். இறங்குகிற இடத்தில், “விசேஷ வீட்ல மொச்சக் கொழம்பு போடுவாய்ங்க, தொட்றாத. ஒனக்குத்தான் ஆகாதே” என்றார்.

வளைகாப்பு வீட்டில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை எனக்கு. எனக்கு மொச்சை ஆகாதென்று இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? இன்னும் என்னென்ன தெரியும்? அதன் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். என் கடைவாய்ப் பல் வலி அவருக்குத் தெரிந்திருந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் போனில் என்னிடம் கோபப்பட்டது தெரிந்திருந்தது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று கல்யாணமான புதிதில் ஆசைப்பட்டது தெரிந்திருந்தது. அது எனக்கே மறந்துபோயிருந்தது.

“அந்தாளுட்ட என்னதான் பேசுவீங்க?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“மீன் பிடிக்கையில என்ன பேச்சு? சத்தம் போட்டா மீன் ஓடிரும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் கண்டக்டரைக் கேட்டேன். “தண்ணியில உக்காந்தா வாய் சும்மா இருக்குமா தங்கச்சி? பொழுதன்னைக்கும் பேச்சுதான்” என்றார். பொய் சொல்வது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இப்படியே போயிருந்தால் வெறும் எரிச்சலாக முடிந்திருக்கும். அந்தத் திங்கட்கிழமைதான் அது வேறாக மாறியது.

காலை டூட்டிக்குப் போனவர் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்தார். “லீவு” என்றார். சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டேன். கையைத் தள்ளிவிட்டார். சாயங்காலம் அளவு பிளவுஸ் கொடுக்க வந்த பெண் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவள் அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள்.

“வண்டி ஸ்டார்ட் பண்ணியாச்சுக்கா. ஆளுக ஏறி உக்காந்தாச்சு. கண்டக்டரு விசிலே குடுக்கல. எல்லாரும் சத்தம் போடுறாய்ங்க, ரைட் குடுய்யா, ரைட் குடுய்யான்னு. அவரு பாட்டுக்கு முன்னாடி போயி, கண்ணாடியப் பாத்துக்கிட்டே, ‘எறங்கு மாப்ள’ங்குறாரு. அண்ணன் எறங்கல. எஞ்சினு ஓடிக்கிட்டே இருக்கு. மறுபடியும், ‘எறங்கு மாப்ள, நான் ஊத மாட்டேன்’ங்குறாரு. எம்புட்டு நேரமோ அப்புடியே நின்னாரு. அப்புறம் அண்ணன் சாவிய எடுத்து அவர் கையில வச்சுட்டு எறங்கிப் போயிட்டாரு. எங்களையெல்லாம் வேற வண்டியில ஏத்திவிட்டாய்ங்க. கண்ணு தெரியலையாம்லக்கா?”

என் வீட்டுக்காரருக்குக் கண் தெரியவில்லை என்பதை ஒரு வாடிக்கைக்காரி சொல்லி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் அவளுடைய அளவு பிளவுஸ்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் வந்தார். என் வீட்டுக்காரர் வண்டியிலேயே விட்டுவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கு அவர் கையில். உட்காரச் சொல்லவில்லை நான். அவரும் உட்காரவில்லை.

“எத்தன நாளாண்ணே ஒங்களுக்குத் தெரியும்?”

“ரெண்டு மூணு வாரமா.”

“எப்புடித் தெரிஞ்சது?”

“எடப்பக்கம் தூண்டித் தக்கை போட்டா அது முங்குறது மாப்ளைக்குத் தெரியல. வலப்பக்கம் போட்டா சட்டுனு இழுத்துர்றாரு. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். போன வாரம் சத்தமில்லாம டியூப அவருக்கு எடப்பக்கமாக் கொண்டுபோயி உக்காந்து பாத்தேன். பக்கத்துல ஆள் வந்ததே தெரியல. பஸ்ஸுக்கு அந்தப் பக்கந்தான தங்கச்சி ஆளுக ஏறுது, எறங்குது? அந்தப் பக்கந்தான பைக்குக்காரங்க நுழையுறாய்ங்க? நேத்துத் தண்ணியில வச்சுக் கேட்டேன். ஒத்துக்கிட்டாரு. காலையில டெப்போவுல போய்ச் சொல்லிர்றேன்னாரு. வந்து பாத்தா ஸ்டியரிங்குல உக்காந்திருக்காரு.”

“தெரிஞ்சதும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் யாரோவா?”

“அவரா சொல்லட்டும்னு விட்டேன். பயம் தங்கச்சி. வண்டிய விட்டு எறக்கிட்டா என்ன பண்றதுன்னு பயம்.”

“பயந்தா பொண்டாட்டிட்டதான சொல்லணும்?”

மிஷின் ஊசிக்குக் கீழே பாதித் தையலில் நின்ற பிளவுஸ் கையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். “சொல்லத்தான் வந்தாராம். நீ மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தியாம்.”

தூக்கை மிஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் மன்னிக்கவே இல்லை. பக்கத்தில் படுக்கிற எனக்குத் தெரியவில்லை. சோறு போடுகிற எனக்குத் தெரியவில்லை. ஒரு தக்கை முங்கியதை வைத்து இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. இதில் என் பார்வைதான் குற்றமாம்.

கண் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார்கள். இடது கண்ணில் ஓரப் பார்வை போனது போனதுதான், திரும்ப வராது. வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. இப்போதே வந்ததால் இருக்கிறதைக் காப்பாற்றலாம், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார். டெப்போவுக்குள்ளேயே உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். தினமும் சொட்டு மருந்து. மருந்தை நான்தான் ஊற்றுவேன். அப்போது அவர் மேலே பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணில் நீர் வழியும், மருந்தா வேறா என்று தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டார்.

கண்டக்டர் அன்றைக்கு விசில் ஊதியிருந்தால் யாரையாவது ஏற்றிக் கொன்றுவிட்டு என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போயிருப்பார். வலது கண்ணும் போயிருக்கும். காலில் விழுந்து கும்பிட வேண்டிய மனிதர். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. நன்றி சொல்ல வேண்டிய ஆளைப் பார்த்துப் பொறாமைப்படுவது மாதிரி ஒரு தொல்லை வேறு கிடையாது. திட்டவும் முடியாது, கும்பிடவும் வராது.

வண்டியை விட்டு இறக்கிய ஆளோடு இனி இவர் பேச மாட்டார் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே வாசலில் விசில் கேட்டது. இவர் டியூபை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். போகும்போது அதே சிரிப்பு.

அடுத்த வாரம் நானும் கிளம்பிவிட்டேன். சொல்லவில்லை. எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு, பஸ் ஏறி, அலங்காநல்லூரில் ஷேர் ஆட்டோ பிடித்து, அணைக்கரையில் ஏறி நின்றேன். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. வெடித்த சேற்றுக்கு நடுவில், பட்டுப்போன கருவேல மரங்களைத் தாண்டி, ஒரு குளம் அளவுக்குக் கிடந்தது. நடுவில் இரண்டு கறுப்பு வட்டம். வட்டத்துக்குள் இரண்டு தலை.

என் வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார். காற்று எதிர்ப் பக்கம் அடித்ததால் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் கை பேசியது. ஒரு கையில் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னவோ ஆட்டி ஆட்டிக் காட்டினார். குரல் மாற்றி யாரையோ மாதிரி பேசிக் காட்டுகிறார் என்று தோள் ஆடுவதிலிருந்து தெரிந்தது. பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் டியூபைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்தத் தட்டல் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. கண்டக்டர் இவருக்கு முதுகைக் காட்டி, தன் தக்கையைப் பார்த்தபடிதான் இருந்தார். அப்படியே தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் என்று சொல்லியிருப்பார்.

“ஏங்க!” என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் திரும்பினார். கை கீழே இறங்கியது. வாய் மூடிக்கொண்டது. கடை ஷட்டர் இறங்குவதுபோல எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

கண்டக்டர்தான் பலகையைத் தூக்கி ஆட்டினார். கரைக்கு வந்து, என் கைப்பையைப் பார்த்துக்கொண்டே, “தங்கச்சி, வந்ததுதான் வந்த, ஒரு தடவ உக்காந்து பாரு. முங்க மாட்ட. நின்னா இடுப்பளவுதான்” என்று தன் டியூபைக் கொடுத்தார். எனக்கு வீம்பு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் டியூபைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனார். காலுக்கடியில் தண்ணீர் வெதுவெதுப்பாகவும், அதற்கும் கீழே ஜில்லென்றும் இருந்தது. நடுவுக்குப் போனதும் நான் அவர் டியூபைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். இரண்டு பேரும் முகத்துக்கு நேர் முகம்.

“இப்பச் சொல்லுங்க. எதுக்குச் சிரிச்சீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“அந்தாளுட்ட மட்டும் அம்புட்டுப் பேச்சு. எங்கிட்டப் பேசுனா என்ன?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது. பிறகு, “தக்கையப் பாரு” என்றார்.

அவ்வளவுதான். எவ்வளவு நேரம் மிதந்தோமோ, வேறு ஒரு வார்த்தை வரவில்லை. கண்டக்டர் கரையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து என் எலுமிச்சைச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தார். திரும்பும்போது மொபெட்டில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. நான் பஸ்ஸில் வந்தேன்.

கண்டக்டர் ஓய்வு பெற்ற பிறகு அணைக்குப் போவது வாரத்தில் இரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிந்தைய மாசியில், செல்லூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். டீ அப்படியே இருந்ததாம்.

என் வீட்டுக்காரர் அழவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கண்டக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அந்த முகத்தை அப்படி நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். நான் உள்ளே கண்டக்டரின் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மெலிந்த பெண். அழுது ஓய்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “யக்கா, ஒண்ணு கேக்கணும். ரெண்டு பேரும் என்னத்தத்தான் பேசுவாக? வீட்ல வந்து ஒரு வார்த்த சொன்னதில்ல. ஒங்க வீட்டுக்காரரு ஒங்ககிட்டச் சொல்லியிருப்பாருல்ல?” என்றாள்.

 “மீனப் பத்தித்தான் பேசுவாங்க” என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்கும் என்னைப் போலவே வயிறு எரிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டது அந்தத் துக்க வீட்டிலும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பதினாறாம் நாள் முடிந்ததும் அவருடைய டியூபை ஆள் மூலம் எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இனிமேல் என்னுடையது. அப்படித்தான் நினைத்தேன். கிடைத்த ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இவர் விடியும்போதே எழுந்து சட்டை போட்டுக்கொண்டு உட்காருவார். டிவியைச் சத்தமில்லாமல் ஓட விடுவார். தெருவில் ஏதாவது விசில் கேட்டால், பால்காரனோ பிள்ளைகளோ, தலை மட்டும் திரும்பும். முன்பாவது ‘போனேன், வந்தேன்’ என்பார். இப்போது அதுவும் இல்லை. உயிரோடு இருந்தபோது என்னிடமிருந்து பிடுங்கியது போதாதென்று அந்த மனிதர் மிச்சத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

புரட்டாசி பிறந்தது. மழை இல்லை. அலங்காநல்லூரிலிருந்து வருகிற வாடிக்கைக்காரி ஒருத்தி, அணையில் தண்ணீர் வற்றிக் கிடக்கிறது என்றாள். சனிக்கிழமை நானே இரண்டு டியூபையும் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய்ப் பஞ்சர் பார்த்து வைத்தேன். விடிகிற நேரத்துக்கு அவர் முன்னால் போய் நின்று, “கெளம்புங்க” என்றேன்.

“எங்க?”

“மீன் பிடிக்க.”

“ஒனக்கு நீச்சல் தெரியாது.”

“அவரு சொன்னாருல்ல, நின்னா இடுப்பளவுதான்னு. கெளம்புங்க.”

காற்று இறங்கிய டியூபைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினோம். அணைக்குப் பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்றடித்துக்கொண்டோம். பயத்தில் இரண்டு டியூபையும் கொடிக்கயிற்றால் சேர்த்துக் கட்டச் சொன்னேன். எனக்குக் கண்டக்டருடைய டியூப். அவர் கனத்துக்குத் தொய்ந்துபோயிருந்த வயர் பின்னலுக்குள் நான் பொதுக்கென்று இறங்கினேன்.

நடுவுக்குப் போனதும் ஒரு விஷயம் புரிந்தது. இவருக்கு இடப்பக்கத் தக்கை சுத்தமாகத் தெரியவில்லை. இப்போது நேராக இருப்பதும் கலங்கலாம். ஆகவே அவருடைய தக்கைகளையும் சேர்த்து நான்தான் பார்க்க வேண்டும். என் டியூபை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணெடுக்காமல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தக்கை இரண்டு குதி குதித்துவிட்டு உள்ளே போனது. “எடப்பக்கம்! இழுங்க!” என்று கத்தினேன். இழுத்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி. மீசையை ஆட்டிக்கொண்டு, கர்ர் கர்ர் என்று கத்திக்கொண்டு வந்தது. துணியால் பிடித்து, முள் குத்தாமல் கழற்றிப் பைக்குள் போட்டார். புழுவை மாட்டித் திரும்பப் போட்டார்.

“இந்த முள்ளுல ஒரு தடவ கண்டக்டரு கையக் குடுத்துட்டாரு” என்றது என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். “கை வீங்கிப்போச்சு. மறுநாளு டிக்கெட் கிழிக்க முடியல. பாசஞ்சர்ட்டயே கட்டக் குடுத்து, நீங்களே கிழிச்சுக்கங்கன்னுட்டாரு.”

நான் தலையைத் திருப்பப் போனேன். தக்கை ஞாபகம் வந்தது. திரும்பவில்லை.

அவர் பேசிக்கொண்டே போனார். கண்டக்டருக்கு அட்டை என்றால் பயம், காலில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார். கண்டக்டர் செக்கானூரணியில் ஒரு கிழவரைச் சாமி என்று நினைத்துக் கும்பிட்டது. தண்ணீரில் தூங்கிப்போய் மதகு வரைக்கும் மிதந்து போனது. வெயில் ஏறியது, மேலும் இரண்டு மீன் வந்தது, பேச்சு நிற்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்த பேச்சு. அத்தனையும் கண்டக்டரைப் பற்றி. செத்துப் பல மாதம் ஆன பிறகும், என் புருஷனோடு நான் தனியாக இருக்கிற இடத்தில், அந்த மனிதர் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. “அவரப் பத்தியே பேசுறீங்களே, என்னப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாதா?” என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டேன்.

பின்னால் அவர் தூண்டிலை எடுத்துத் திரும்பப் போடுகிற சத்தம் கேட்டது.

“ஒன்னப் பத்தி என்ன பேச? அம்புட்டையும் அவர்ட்ட பேசித் தீத்துட்டேனே” என்றார்.

“என்ன பேசுனீங்க?”

“எல்லாந்தான். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, காப்பியக் குடுத்துட்டு உள்ள போயி, ஒங்கக்காட்ட கேட்டேல்ல, இந்தாளு ஊமையான்னு. எங்காதுல விழுந்துச்சு. அத ஒன்ன மாதிரியே பேசிக் காட்டுவேன். அவருக்கு எத்தன தடவ சொன்னாலும் அலுக்காது. விழுந்து விழுந்து சிரிப்பாரு.”

எனக்கு முகம் சுட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதையை அந்த மனிதர் சுடச்சுடக் கேட்டிருக்கிறார். எனக்கு இன்றைக்குத்தான், ஆறிப்போய்க் கிடைக்கிறது. இதைவிடப் பெரிய பொறாமை எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. ஆனாலும் நான் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் நின்றுவிடும்.

“அதுக்கு அவரு என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.